மூட்டையா, பணமா? உணவு உதவியின் பழைய வழக்கு

கென்யாவின் வடமேற்கு மூலையில், வறண்ட துர்கானா பகுதியில் இருக்கிறது காகுமா அகதி முகாம். அங்கே ரேஷன் வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்களில் பலர் வாங்கியதில் ஒரு பங்கைக் கையோடு விற்றுவிடுவது பல வருடப் பழக்கம். முகாமைப் பார்க்க வருபவர்களுக்கு இது உறுத்தும். ‘தானமாகக் கொடுத்ததை விற்கிறார்களே, அப்படியானால் பசி அவ்வளவாக இல்லை போலிருக்கிறதே’ என்று தோன்றும்.

விஷயம் வேறு. முழு மக்காச்சோளத்தை அப்படியே தின்ன முடியாது. மில்லில் கொடுத்து மாவாக்க வேண்டும், அதற்குக் கூலி வேண்டும். அடுப்புக்கு விறகு, குழம்புக்கு ஒரு தக்காளி, பிள்ளைக்கு ஒரு சோப்பு, ஒரு நோட்டு. ரேஷன் மூட்டையில் இவை எதுவும் வராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று கணக்குப் போட்டுத்தான் தானியம், பருப்பு, எண்ணெய் அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் அரைவைக் கூலி கிடையாது. எனவே தானியத்தை விற்றுத்தான் தானியத்தை அரைக்க வேண்டும். ரேஷன் போட்ட நாளில் எல்லோரும் ஒரே பொருளை விற்க நிற்பதால் அதற்கு விலையும் கிடைப்பதில்லை.

இதைக் கேட்கிற யாருக்கும் அடுத்ததாக ஒரு கேள்வி வரும்: கையில் காசாகவே கொடுத்துவிட்டால் என்ன? நேர்மையான கேள்விதான். உதவித் துறையில் இருப்பவர்கள் பல பத்தாண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விடை முகாமில் இல்லை. அது வேறொரு நாட்டின் கிடங்கில் இருக்கிறது.

1953இல் கொரியப் போர் ஓய்ந்தது. அமெரிக்கத் தானியத்துக்கு வெளிநாட்டில் இருந்த கிராக்கி சரிந்தது. உள்நாட்டு விவசாயிகளுக்கு விலை உத்தரவாதம் கொடுத்திருந்த அரசு, மிஞ்சியதையெல்லாம் தானே வாங்கிச் சேர்த்தது. கிடங்குகள் நிரம்பின. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஹட்சன் நதியில் சும்மா நிறுத்தி வைத்திருந்த சரக்குக் கப்பல்களின் வயிற்றில்கூடக் கோதுமையைக் கொட்டி வைத்தார்கள். இதற்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்றுதான் 1954 ஜூலையில் அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுச் சட்டம் 480. ஒரு தலைமுறை இந்தியர்கள் ‘பி.எல். 480 கோதுமை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

பசித்த வயிறு இந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று; முதலாவது அல்ல. உபரியைக் கழிப்பது, அமெரிக்கத் தானியத்துக்கு வருங்காலச் சந்தை பிடிப்பது, வெளியுறவுக் கொள்கைக்கு ஒரு பிடி தேடுவது ஆகியவையும் அதில் வெளிப்படையாகவே இருந்தன. மறைத்துச் செய்த சூழ்ச்சி என்று இதைச் சொல்ல முடியாது. கென்னடி வந்து இதற்கு ‘அமைதிக்கான உணவு’ என்று அழகான பெயர் வைத்தார். அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த ஜார்ஜ் மெக்கவர்ன் 1961இல் ரோம் நகரக் கூட்டம் ஒன்றில் முன்வைத்த யோசனையிலிருந்துதான் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பிறந்தது. 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய அதே அமைப்பு. உபரியில் முளைத்ததால் அது கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் இந்த உதவிக்கு ஏன் மூட்டையின் வடிவம் வந்தது என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவரிடம் மிஞ்சியிருந்தது கோதுமை. அதனால் உதவியும் கோதுமையாக வந்தது.

கிடங்கின் சாவி கொடுப்பவர் கையில் இருக்கும்போது கதவு எப்போது திறக்கும் என்பதையும் அவரே முடிவு செய்வார். 1965, 66இல் இந்தியாவில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் கோதுமையை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடி ஒரு பக்கம்; வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் அவருக்கு இருந்த எரிச்சல் இன்னொரு பக்கம். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்த நாட்களைச் சொல்வார்கள். அடுத்த கப்பல் புறப்பட்டதா இல்லையா என்று எண்ணிக்கொண்டு ஒரு அரசாங்கம் உட்கார்ந்திருந்த காலம்.

இதற்கு ஒரு வால் கதை உண்டு. அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இந்தியாவிலேயே சேர்ந்துகொண்டே போனது. செலவழிக்கவும் முடியாது, வெளியே கொண்டுபோகவும் முடியாது. கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்தார். அதுவரை எழுதப்பட்ட காசோலைகளிலேயே பெரியது என்று பேசப்பட்டது.

அதே 1974இல் பக்கத்து வங்கதேசத்தில் நடந்ததை இவ்வளவு லேசாகச் சொல்ல முடியாது. புதிதாகப் பிறந்த நாடு, வெள்ளம், விலைவாசி. அப்போது வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் கோணிப்பைகளை விற்றிருந்தது. கியூபாவோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு பி.எல். 480 உணவு கிடையாது என்பது விதி. உணவு நிறுத்தி வைக்கப்பட்டது. இனி விற்கமாட்டோம் என்று வங்கதேசம் ஒப்புக்கொண்ட பிறகே கப்பல்கள் கிளம்பின. அவை வந்து சேர்ந்தபோது பஞ்சத்தின் உச்சம் கடந்துவிட்டிருந்தது. காலி மூட்டையை விற்றதற்காக நிறைந்த மூட்டை நின்றுபோனது.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்திய சென் காட்டியது இன்னும் சங்கடமானது. 1974இல் வங்கதேசத்தில் தலைக்குக் கிடைத்த உணவின் அளவு, அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளைவிட அதிகம். தானியம் இருந்தது. வெள்ளத்தில் வயல் வேலை போன கூலியாட்களிடம் அதை வாங்கக் காசு இல்லை. ஏறுகிற விலையும் நின்றுபோன கூலியும் சேர்ந்துதான் அவர்களைக் கொன்றன. இதை ஏற்றுக்கொண்டால் உணவு உதவியின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. பஞ்சம் என்றால் உணவு இல்லை என்றுதான் அர்த்தமா? பல நேரம் கடையில் அரிசி இருக்கும், பையில் பணம் இருக்காது. அந்த இடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி அரிசியை அனுப்புவது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலை.

அந்தச் சுற்றுக்கு என்ன செலவாகிறது என்று பார்ப்போம். அமெரிக்கா கொடுக்கும் உணவில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில் போக வேண்டும் என்று 1954லேயே இன்னொரு சட்டம் வந்தது. 1985இல் பாதி முக்கால் ஆனது. 2012இல் மறுபடி பாதிக்கு இறங்கியது. மற்ற நாட்டுக் கப்பல்களைவிட இவற்றில் சரக்குக் கூலி அதிகம். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2007இல் கொடுத்த கணக்கு இது: நெருக்கடிக்கால உணவு உதவிச் செலவில் சுமார் 65 சதவீதம் தானியத்துக்கே போகவில்லை, கப்பல், லாரி, கிடங்கு, நிர்வாகம் ஆகியவற்றுக்குப் போனது. 2009இல் அதே அலுவலகம் இன்னொன்றையும் பார்த்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பக்கத்திலேயே கொள்முதல் செய்தால் 34 சதவீதம் மலிவு. அமெரிக்காவிலிருந்து அனுப்பினால் சராசரியாக 147 நாள். உள்ளூரில் வாங்கினால் 35 நாள், அண்டை நாட்டில் வாங்கினால் 41 நாள். ஐந்து மாதம் என்பது பசித்த குழந்தைக்கு எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. தொண்டு நிறுவனங்கள் அமெரிக்கத் தானியத்தை வாங்கி, ஏழை நாட்டுச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவதும் பள்ளி நடத்துவதும் நெடுங்காலம் நடந்தது. அதாவது ஒரு கிணறு வெட்டப் பணம் வேண்டுமானால், அந்தப் பணத்தைக் கோதுமையாக்கி, கடல் தாண்டி அனுப்பி, மறுபடி பணமாக்க வேண்டும். இந்தச் சுற்றில் மட்டும் மூன்று ஆண்டுகளில் 21.9 கோடி டாலர் கரைந்ததாக 2011இல் தணிக்கை சொன்னது. போதாததற்கு, இந்தத் தானியம் சந்தையில் விழும்போது அடி வாங்குவது அந்த ஊர் விவசாயி. கேர் என்ற பெரிய தொண்டு நிறுவனம் 2007இல் இந்த வழியில் வரும் பணம் இனி வேண்டாம் என்று அறிவித்தது. ஆண்டுக்கு சுமார் 4.5 கோடி டாலரை விட்டுக்கொடுக்கிற முடிவு. மற்ற நிறுவனங்கள் எல்லாம் கைதட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூட்டைக்குள் என்ன இருக்கும் என்பதும் கொடுப்பவர் முடிவுதான். 2002இல் தெற்கு ஆப்பிரிக்கா முழுக்க உணவு நெருக்கடி. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் மரபணு மாற்றியது. அதை விதையாக யாராவது மண்ணில் போட்டுவிட்டால் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போகும் என்று அந்த நாடுகள் பயந்தன. சில நாடுகள் மாவாக அரைத்துக் கொடுத்தால் சரி என்றன. சாம்பியா அதையும் மறுத்தது. மறுத்தது சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பணமாகவோ பக்கத்து நாட்டுச் சோளமாகவோ வந்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது.

தங்கள் நாட்டு மூட்டையையே அனுப்பும் வழக்கத்திலிருந்து மற்ற கொடையாளிகள் மெல்ல விலகினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் மாறியது. கனடா 2008இல், தன் நாட்டு விளைச்சலைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை முழுவதும் எடுத்துவிட்டது. ஆனால் பணக்கார நாடுகளின் உதவிக் குழு 2001இல் ‘உதவிப் பணத்தை உங்கள் நாட்டுச் சரக்கோடு முடிச்சுப் போடாதீர்கள்’ என்று பரிந்துரைத்தபோது உணவு உதவிக்கு விலக்கு அளித்தது. ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

சரி, பணம் கொடுத்த இடங்களில் என்ன ஆனது? கடினமான ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலை 20 அன்று தெற்கு சோமாலியாவின் இரண்டு பகுதிகளில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது. அந்தப் பகுதிகளைக் கையில் வைத்திருந்த அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு உலக உணவுத் திட்டத்துக்குத் தடை போட்டிருந்தது. மூட்டை உள்ளே போக வழியில்லை. ஆனால் வியாபாரிகள் எப்படியோ தானியம் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் சோமாலியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஹவாலா கடைகளும் திறந்திருந்தன. அந்தக் கடைகள் வழியாகவே தொண்டு நிறுவனங்கள் பணம் அனுப்பின. வங்கி இல்லை, அரசு இல்லை. இருந்தும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உதவி போய்ச் சேர்ந்தது. இடையில் முகாம்களைத் தங்கள் பிடியில் வைத்திருந்த ‘வாசல்காப்பாளர்கள்’ தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. உதவி பெரிய அளவில் வர ஆரம்பித்ததே தாமதமாகத்தான். சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள், அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

பணம் என்றால் திருட்டுப் போகும் என்பது பழைய வாதம். மூட்டையும் திருட்டுப் போகும். 2023 ஜூனில் எத்தியோப்பியா முழுவதற்கும் அமெரிக்காவும் உலக உணவுத் திட்டமும் உணவு வழங்குவதை நிறுத்தி வைத்தன. பசித்தவர்களுக்கு வந்த கோதுமை பெரிய அளவில் திசைமாறிப் போயிருந்ததுதான் காரணம். மூட்டையைத் திருட லாரி வேண்டும், ஆள் வேண்டும், மாவு மில் வேண்டும். ஆனாலும் நடந்தது.

காகுமாவுக்கும் பணம் வந்தது, செல்போன் வழியாக. 2015இல் ரேஷனில் ஒரு பகுதியை போனில் வரும் தொகையாக மாற்றினார்கள். பெயர் ‘பம்பா சகுலா’, உன் உணவை நீயே பெற்றுக்கொள் என்பது போன்ற அர்த்தம். பதிவு செய்த முகாம் கடைகளில் அதை வைத்து வாங்கலாம். ஏற்கெனவே அங்கே கடை வைத்திருந்த சோமாலியர்களுக்கும் எத்தியோப்பியர்களுக்கும் வியாபாரம் கூடியது. பெண்கள் காய் வாங்கினார்கள், பால் வாங்கினார்கள். மூட்டையில் ஒருநாளும் வராத பொருட்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பணமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். கடை இல்லாத இடத்தில் பணம் வெறும் காகிதம். முற்றுகையில் இருக்கும் காசாவில் உள்ளே போகும் லாரிகளின் எண்ணிக்கைதான் பசியைத் தீர்மானித்தது. கணக்கில் பணம் போட்டால் விலை ஏறுமே தவிர ரொட்டி பெருகாது. அப்புறம், எந்த ஏழைக் கடையிலும் வாங்க முடியாத ஓர் உணவு உண்டு. வேர்க்கடலை விழுது, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின் எல்லாம் கலந்த 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. 1990களின் நடுவில் பிரான்சில் உருவானது. அதற்கு முன் எலும்பும் தோலுமான குழந்தைக்கு மருந்துப் பால் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். பாலுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், அதனால் மருத்துவ மையத்திலேயே வாரக்கணக்கில் தாயும் பிள்ளையும் தங்க வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகள் என்ன ஆவார்கள்? பொட்டலத்துக்குத் தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மூலையைக் கிழித்துக் கையில் கொடுத்தால் குழந்தை தானே உறிஞ்சும். தாய் ஒரு வாரத்துக்கானதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் பொருளாகக் கொடுப்பதை யாராலும் குறைசொல்ல முடியாது.

ஆக, எந்த ஊரில் எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதில் துறைக்குள் இன்று பெரிய சண்டை இல்லை. அப்படியும் மனிதநேய உதவியில் பணமாகவும் கூப்பனாகவும் போவது ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. தடை அறிவில் இல்லை, ஓட்டில் இருக்கிறது.

மூட்டைக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். விற்கும் விவசாயி, ஏற்றும் கப்பல் கம்பெனி, துறைமுகத் தொழிலாளி, கொண்டுபோய்ப் பங்கிடும் தொண்டு நிறுவனம். இந்தக் கூட்டணியை விமர்சகர்கள் ‘இரும்பு முக்கோணம்’ என்பார்கள். ஜார்ஜ் புஷ் அதிபராக இருந்தபோது உணவு உதவிப் பணத்தில் கால் பங்கையாவது ஏழை நாடுகளிலேயே கொள்முதல் செய்ய அனுமதி கேட்டார். நாடாளுமன்றம் மறுத்தது. ஒபாமா 2013இல் 45 சதவீதம் வரை கேட்டார். அதுவும் நடக்கவில்லை. இரண்டு கட்சி அதிபர்களும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டார்கள். ஆனால் வேறொரு கணக்குத் தலைப்பில் பணத்தை ஒதுக்கி, பழைய சட்டத்தைத் தொடாமலே, பண உதவியையும் உள்ளூர்க் கொள்முதலையும் ஒபாமா அரசு வளர்த்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அந்த முக்கோணத்தை நாம் வீண்செலவு என்கிறோம். அது வீண்செலவுதான். ஆனால் உதவிக்கு உள்நாட்டில் கிடைத்த உறுதியான காவலும் அதுதான். 2025இல் இது கண்ணுக்குத் தெரிந்தது. ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. துறைமுகங்களிலும் கப்பல்களிலும் கிடங்குகளிலுமாக 48.9 கோடி டாலர் மதிப்புள்ள உணவு கெட்டுப்போகும் அபாயத்தில் இருப்பதாக, வெளிநாட்டு உதவிகளைக் கவனித்த அமெரிக்க அரசின் உதவி முகமையான யு.எஸ்.எய்டின் தணிக்கையாளரே பிப்ரவரியில் எச்சரித்தார். உடனே குரல் எழுந்தது. கன்சாஸ் மாநிலத்து உறுப்பினர்கள், ‘அமைதிக்கான உணவு’ திட்டத்தை உதவி முகமையிடமிருந்து எடுத்து விவசாயத் துறையிடம் கொடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். கோதுமையும் சோளமும் விளையும் மாநிலம் அது. முகமை ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பழைய மூட்டைத் திட்டத்துக்கு வக்காலத்து வாங்க ஆள் இருந்தது. போனில் போகும் பணத்துக்கு எந்த மாநிலத்திலும் விளைச்சல் இல்லை, எந்தத் துறைமுகத்திலும் வேலை இல்லை. அதற்காக வாதாட வந்தவர் மிகச் சிலர்.

அந்தக் காவலும் எல்லா மூட்டையையும் காப்பாற்றவில்லை. துபாய் கிடங்கில் இருந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட், யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்க ஆளில்லாமல் காலாவதியாகி, அதே ஜூலையில் அழிக்கப்பட்டது. உலக உணவுத் திட்டம் அந்த ஆண்டு தன் வருமானம் 40 சதவீதம் குறைந்து 640 கோடி டாலராகும் என்று கணித்தது.

இந்த வெட்டு முதலில் விழுந்த இடங்களில் ஒன்று சூடான். 2023 ஏப்ரலில் தலைநகர் கார்ட்டூமில் போர் வெடித்தபோது வெளிநாட்டு அமைப்புகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. தெருவில் இருந்த இளைஞர்கள் ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் குழுக்களாகச் சேர்ந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் கணக்குப் போட்டு, வங்கிச் செயலியில் வரும் பணத்தில் அன்றன்றைக்குச் சந்தையில் கிடைக்கிற அவரையையும் பருப்பையும் வாங்கி, பெரிய அண்டாவில் வேகவைத்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றினார்கள். கப்பல் இல்லை, 147 நாள் இல்லை. உதவித் துறைக் கூட்டங்களில் ‘உள்ளூர்க் கைகளுக்கு நேரடியாகப் பணம்’ என்று 2016இலிருந்து பேசிவந்த கனவு, யாரும் திட்டம் தீட்டாமலே அங்கே நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பணம் நின்ற சில வாரங்களில், பிப்ரவரிக்குள், அந்தச் சமையற்கூடங்களில் 1,100க்கும் மேற்பட்டவை மூடின. மிச்சம் இருந்தவை ஒரு நாளைக்கு இரண்டு வேளை போட்டதை ஒரு வேளையாக்கி, பக்கத்து வீடுகளிலும் வெளிநாட்டுச் சூடானியர்களிடமும் கேட்டு வாங்கி, அண்டாவை அடுப்பில் வைத்திருந்தன.